பயன்வழி மானியம்: வரலாறும் விண்ணப்ப நெறியும்

முன்னுரை

மானியம் என்னும் சொல் பொதுத்தொண்டில் ஈடுபடுவோர்க்கு நன்கு பழகிய சொல்லாகும். பள்ளிக்கு மானியம், விடுதிக்கு மானியம், தொழிற்பயிற்சிக்கு மானியம் என அதன் வகைகள் பல. கட்டடம் எழுப்புதல், ஆசிரியர்க்கு ஊதியம் வழங்குதல், கருவிகள் வாங்குதல் ஆகிய செலவுகளைக் கணக்கிட்டு அரசு பொருளுதவி செய்வது நெடுநாள் வழக்கம். அதனோடு மற்றொரு முறையும் இன்று வலுப்பெற்றுள்ளது. செலவைக் காட்டினால் மட்டும் போதாது. அச்செலவால் மக்கள் வாழ்வில் விளைந்த பயனையும் காட்ட வேண்டும். அப்பயனுக்கேற்பவே பணம் வழங்கப்படும் என்பது அம்முறை. இதனைப் 'பயன்வழி மானியம்' என இக்கட்டுரையில் வழங்குவோம்.

திருப்பூர் மாநகரின் வடபகுதியில் அமைந்தது நெருப்பெரிச்சல். ஊராட்சியாக இருந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைந்தது. பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் இத்தகைய பகுதிகளில் மகளிர்க்குத் தையற்பயிற்சி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குக் கல்வி, இளைஞர்க்கு வேலைவாய்ப்பு எனப் பணியாற்ற விழையும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் முன்னாள் மாணவர் மன்றங்களும் பல. அவை அரசு மானியத்தை நாடும்போது, பணம் கிடைக்குமா என்பதோடு, எதைப் 'பயன்' என்று எழுதிக் கொடுக்கிறோம் என்பதும் பெரிய வினாவாகிறது. அவ்வரையறையே யார் பயிற்சிக்குள் வருவார், யார் வாயிலிலேயே நின்றுவிடுவார் என்பதை முடிவு செய்கிறது. ஆகவே, இம்முறையின் வரலாற்றையும் இக்கால விதிகளையும் விண்ணப்பிக்கும் நெறியையும் முறையே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

இத்துறையில் வழங்கும் சொற்களின் பொருளை முதலில் தெளிதல் வேண்டும். ஒரு தையற்பயிற்சி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தையல் எந்திரங்களும் பயிற்றுநரின் ஊதியமும் வாடகையும் 'இடுபொருள்' ஆகும். நாள்தோறும் நடைபெறும் வகுப்பு 'செயற்பாடு'. சான்றிதழ் பெற்று வெளிவரும் மகளிரின் எண்ணிக்கை 'வெளிப்பாடு'. அவர்கள் வேலையில் அமர்ந்து, மூன்று மாதமோ ஆறு மாதமோ நிலைத்து ஊதியம் பெறுதல் 'பயன்'. அவ்வூதியத்தால் குடும்பம் கடனிலிருந்து மீள்வதும், மூத்த மகள் படிப்பை நிறுத்தாமல் தொடர்வதும் 'நெடும்பயன்'.

பழைய மானிய முறை இடுபொருளை எண்ணியது. பின்னர் வந்த முறை வெளிப்பாட்டை எண்ணியது. பயன்வழி மானியமோ நான்காம் படியில் நின்று எண்ண முயல்கிறது. படி உயர உயர அளப்பது அரிதாகும். ஆனால் அளக்கப்படுவது மக்களின் வாழ்வுக்கு நெருக்கமாகும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இழுபறியே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

2. கல்வெட்டு காட்டும் முன்னோடி

பயனை வரையறுத்துக் கொடை வழங்கும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குரிய கொடைகள் ஏராளம். ஒரு விளக்குக்கெனத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவ்வாடுகளைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. ஆடு சாவதும் மூப்பதும் இயற்கை. எனினும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது பெற்றவரின் கடமை என்பதே அத்தொடரின் கருத்து. கொடைப்பொருள் ஆடு, ஏற்றவரின் கடப்பாடு நெய். ஆட்டைக் காட்டிக் கணக்கு முடிக்க இயலாது. நாள்தோறும் உழக்கு நெய் வந்தாக வேண்டும்.

மற்றொரு சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த அவ்விதிகள், வாரியங்களில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கத் தடை விதித்தன. இன்று மானியம் பெற்ற நிறுவனம் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கத் தவறினால் அடுத்த மானியத்தை இழக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே பொதுப்பணத்தின் இலக்கணம் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்பது எண்ணத்தக்கது.

எனினும் ஒரு நுட்பம் உண்டு. நெய்யை அளந்தார்களேயன்றி ஒளியை அளக்கவில்லை. அளக்க எளிதானதை அளந்து, அளக்க அரியதை நம்பிக்கைக்கு விட்டனர். உழக்கு நெய் வந்தால் விளக்கு எரியும் என்பது ஐயமற்றது. ஆதலின் அங்கு அம்முறை பொருந்திற்று. மனிதரைக் கற்பிக்கும் பணியில் அவ்வளவு எளிய தொடர்பு இல்லை. அதனை உணர்த்துவது அடுத்து வரும் வரலாறு.

3. சென்னை மாகாணத்தின் தேர்ச்சி மானியம்

1854ஆம் ஆண்டில் வெளிவந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் கொள்கையை இந்தியாவிற்கு வகுத்தளித்தது. அதன்பின் சென்னை மாகாணத்தில் இருவகை மானியங்கள் வழக்கிற்கு வந்தன. ஆசிரியரின் தகுதியை நோக்கி அவர் ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு தருவது சம்பள மானியம். ஆய்வாளர் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளைத் தனித்தனியே தேர்வு செய்து, தேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடவாரியாகக் குறிப்பிட்ட தொகை தருவது தேர்ச்சி மானியம்.

இரண்டாம் முறைக்கு இங்கிலாந்தில் முன்மாதிரி இருந்தது. இராபர்ட் லோ என்பாரின் முயற்சியால் அங்கு 1862இல் திருத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் எட்டு ஷில்லிங் கிடைக்கும். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். பள்ளி ஆய்வாளராகவும் கவிஞராகவும் விளங்கிய மேத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளைகள் பாடநூலை மனப்பாடம் செய்து, படிப்பதுபோல ஒப்புவித்ததை ஆய்வாளர்கள் கண்டனர். தேர்வுக்குரிய மூன்று பாடங்கள் தவிர ஏனையவை பள்ளியில் நலிந்தன. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்து இம்முறையைக் கைவிட்டது.

சென்னை மாகாணத்தில் தேர்ச்சி மானியம் செய்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஆசிரியர் சான்றிதழ் இல்லாத திண்ணைப் பள்ளி ஆசிரியர்க்குச் சம்பள மானியம் எட்டாக் கனியாக இருந்தது. தேர்ச்சி மானியமோ, நீர் யார், எங்குக் கற்றீர் என்று கேளாது, உம் பிள்ளைகள் கற்றனரா என்று மட்டுமே கேட்டது. அதனால் அரசின் பார்வைக்கு வெளியே இருந்த திண்ணைப் பள்ளிகள் உதவி பெறும் பள்ளிகளாயின. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழு தொடக்கக்கல்வியைப் பரப்புதற்கு இம்முறையை ஏற்றுப் பரிந்துரைத்தது. கல்லூரிகளுக்கு இது பொருந்தாது என்றும் உரைத்தது.

அக்குழு முஸ்லிம்களின் கல்வி குறித்துத் தனியே ஆராய்ந்து கூறியவையும் இங்குக் கருதத்தக்கவை. முஸ்லிம்களின் மரபுவழிப் பள்ளிகள் தம் பாடத்தோடு பொதுப்பாடங்களையும் சேர்த்துக்கொள்ளத் தாராளமாக ஊக்கம் அளித்தல் வேண்டும் என்றும், அவர்தம் தொடக்கப்பள்ளிகட்குத் தனிப் பாடத்தரம் வகுத்தல் வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. ஒரே அளவுகோலைக் கொண்டு அனைவரையும் அளந்தால், வேறுபட்ட தொடக்க நிலையில் நிற்போர்க்கு அது தடையாகும் என்னும் கருத்து இப்பரிந்துரையில் அடங்கியுள்ளது. இதனை நாம் மனங்கொள்ளுதல் நன்று.

ஆனால் தீமையும் உடன் வளர்ந்தது. ஆசிரியரின் பிழைப்பு ஒருநாள் தேர்வைச் சார்ந்திருந்தமையால், தேறக்கூடிய பிள்ளைமேல் கவனம் குவிந்தது. பின்தங்கிய பிள்ளை ஆசிரியர்க்கு வருவாயற்ற சுமையாயிற்று. மழையோ காய்ச்சலோ வந்து ஆய்வு நாளில் வருகை குறைந்தால் ஓராண்டு உழைப்பும் வீணாயிற்று. வளமான பள்ளி மேலும் பணம் பெற, உதவி மிகத் தேவைப்பட்ட பள்ளி மேலும் நலிந்தது. கர்சன் பிரபு காலத்தில் 1904இல் வெளியான கல்விக்கொள்கைத் தீர்மானத்தை ஒட்டி இம்முறை கைவிடப்பட்டது.

இவ்வரலாற்றால் பெறப்படும் பாடங்கள் மூன்று. ஒன்று, பயனைக் கேட்கும் மானியம், சான்றிதழ் இல்லாத சிறியோர்க்கும் வாயில் திறக்கும். இரண்டு, அளக்கப்படுவது மட்டுமே வளரும்; அளக்கப்படாதது வாடும். மூன்று, பணமின்றித் தாங்கும் வலிமை யாருக்கு இல்லையோ அவரை இம்முறை முதலில் வீழ்த்தும்.

4. இக்காலத் திட்டங்கள்

இருபத்தோராம் நூற்றாண்டில் இம்முறை புதிய வடிவில் மீண்டும் வந்தது. நடுவண் அரசின் சிறுபான்மையினர் நல அமைச்சகம் 2013-14இல் தொடங்கிய 'சீக்கோ அவுர் கமாவோ' (கற்று ஈட்டுக) திட்டத்தில், பயிற்சி பெற்றோருள் 75 விழுக்காட்டினர்க்கு வேலை அமைத்துத் தருதல் வேண்டும் எனவும், அவருள் பாதிப்பேர்க்கேனும் அமைப்புசார் துறையில் வேலை அமைதல் வேண்டும் எனவும் விதி இருந்தது. இத்திட்டம் பின்னர்ப் 'பி.எம். விகாஸ்' திட்டத்தில் இணைக்கப்பட்டது. 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்தியாய ஊரகத் திறன் திட்டம், பயிற்சி பெற்றோரில் 70 விழுக்காட்டினர்க்கு வேலை கிடைத்தலை இன்றியமையாததாக்கியது. அதன் பணம் 25, 50, 15, 10 விழுக்காடு என நான்கு தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

திருப்பூர்க்கு மிக நெருங்கியது ஜவுளித்துறை அமைச்சகத்தின் 'சமர்த்' திட்டம். 2017 டிசம்பரில் அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது; மூன்றாண்டில் 10 இலட்சம் பேருக்குப் பயிற்சி, 1,300 கோடி ரூபாய் ஒதுக்கீடு என்பது அதன் தொடக்கத் திட்டம். அமைப்புசார் துறையின் நூற்பும் நெசவும் நீங்கலாக, பின்னலாடை உள்ளிட்ட ஜவுளித்தொழில் முழுவதும் இதன் எல்லைக்குள் வந்தது. ஆதார் இணைந்த கைரேகை வருகைப்பதிவு இதன் கட்டாய விதிகளுள் ஒன்று. தொடக்கநிலைப் பயிற்சியில் 70 விழுக்காட்டினர்க்கு ஊதிய வேலை உறுதி செய்யப்பட வேண்டும் என்பது மற்றொன்று. பின்னர் இத்திட்டம், 3 இலட்சம் பேருக்குப் பயிற்சி, 495 கோடி ரூபாய் என்னும் அளவில் 2026 மார்ச்சு வரை நீட்டிக்கப்பட்டது.

அரசல்லாத அறநிறுவனங்கள் பயனுக்குப் பணம் தரும் முறையும் இந்தியாவில் நடைபெற்றுள்ளது. இராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை 'எஜுகேட் கேர்ள்ஸ்' என்னும் தொண்டு நிறுவனம் பெண்கல்விப் பணியாற்றியது. முதலீட்டை ஒரு நிறுவனம் முன்கூட்டித் தந்தது. பயன் விளைந்தால் மற்றொரு நிறுவனம் அம்முதலீட்டைத் திருப்பித் தரும். விளைவை இருவருக்கும் சாராத மூன்றாம் நிறுவனம் அளக்கும் என்பது ஏற்பாடு. கற்றலுக்கு 80 விழுக்காடும், பள்ளியில் சேர்த்தலுக்கு 20 விழுக்காடும் மதிப்பு வைக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டின் இறுதியில் கற்றல் இலக்கில் ஏறத்தாழப் பாதியே எட்டப்பட்டிருந்தது. பின்தங்கிய பிள்ளைகளின் நிலையறிந்து கற்பிக்கும் முறையை மாற்றியமைத்ததால், மூன்றாம் ஆண்டின் இறுதியில் கற்றல் இலக்கில் 160 விழுக்காடும், சேர்க்கை இலக்கில் 116 விழுக்காடும் எட்டப்பட்டன.

சென்னை மாகாணத்தில் தீமை விளைத்த முறை பில்வாராவில் நன்மை விளைத்தது எங்ஙனம்? வேறுபாடுகள் இரண்டு. பில்வாராவில் தேறியவர் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறிற்று என்பதை அளந்து, திட்டம் நடைபெறாத ஊர்ப் பிள்ளைகளின் முன்னேற்றத்தோடு ஒப்பிட்டனர். ஆகவே, பின்தங்கிய பிள்ளையும் அளவில் இடம் பெற்றது. அன்றியும், பணம் வரும்வரை தாங்கும் சுமை தொண்டு நிறுவனத்தின்மேல் விழாமல் முதலீட்டாளர்மேல் விழுந்தது. ஆதலின் முதலிரண்டு ஆண்டின் பின்னடைவு அந்நிறுவனத்தை வீழ்த்தவில்லை.

2021இல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகமும் பிற அறநிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய திறன் விளைவுப் பத்திரமும் இவ்வகையினதே. 50,000 இளைஞர்க்கு, அவருள் 60 விழுக்காடு மகளிர்க்கு, வேலைத்திறன் அளிப்பது அதன் இலக்காக அறிவிக்கப்பட்டது. பயிற்சியில் சேர்ந்ததற்குப் பணமில்லை. சான்றிதழ் பெறுதல், வேலையில் அமர்தல், மூன்று மாதம் நிலைத்தல் ஆகியவற்றிற்கே பணம் என்பது அதன் விதி.

5. நெருப்பெரிச்சலில் வைத்து நோக்கல்

இனி, இவ்விதிகளை நம் பகுதியில் பொருத்திப் பார்ப்போம். ஓர் அறக்கட்டளை நெருப்பெரிச்சலில் 60 மகளிர்க்கு ஓவர்லாக், பேட்லாக் எந்திரங்களில் பயிற்சி தர விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். இது கற்பனை எடுத்துக்காட்டே. எண்கள் பயிற்சிக்காகக் கொள்ளப்பட்டவை.

60 பேர் சேர்கின்றனர். 50 பேர் இறுதிவரை வருகின்றனர். 45 பேர் சான்றிதழ் பெறுகின்றனர். '70 விழுக்காடு' என்னும் இலக்கு யாரில் 70 விழுக்காடு? சான்றிதழ் பெற்றோரில் என்றால் 32 பேருக்கு வேலை கிடைத்தால் போதும். சேர்ந்தோரில் என்றால் 42 பேர் தேவை. இடையில் நிற்கும் பத்துப் பேர் யாவர்? கைக்குழந்தையுடையவர், நோயுற்ற மாமியாரைப் பேணுபவர், கணவர் வேலைக்குப் போகாத வாரத்தில் தாமே கைமடி வேலைக்குச் சென்றவர் ஆகியோரே பெரும்பாலும் இடையில் நிற்பவராவர். எந்த எண்ணைக் கொண்டு வகுக்கிறோம் என்பது கணக்கு வினாவாகத் தோன்றினும், அது இப்பத்துப் பேரின் வாழ்வைப் பற்றிய வினாவாகும்.

திருப்பூரில் சனிக்கிழமை வாரச்சம்பளத்தை நம்பி அரிசியும் வாடகையும் தவணையும் நடைபெறும் வீடுகள் பல. மூன்று மாதப் பயிற்சி என்பது அவ்வீடுகளில் பதின்மூன்று சனிக்கிழமைகளின் இழப்பாகும். உதவித்தொகை இல்லாத பயிற்சிக்கு, அவ்விழப்பைத் தாங்கக்கூடிய வீட்டுப் பெண்களே வருவர். மிக வறியவர் தாமாகவே விலகிவிடுவர். யாரும் அவரை விலக்கியதாகப் பதிவேட்டில் இராது.

சான்றின் சிக்கல் மற்றொன்று. பவர்டேபிள் நிலையத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரும், வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுப்பவரும் நாள்தோறும் உழைத்து ஊதியம் பெறுகின்றனர். ஆனால் சம்பளச் சீட்டு இல்லை, வருங்கால வைப்புநிதி எண் இல்லை, இ.எஸ்.ஐ. அட்டை இல்லை. பயன் விளைந்திருந்தும் அதனைக் காட்டும் தாள் இல்லாமையால், மானியக் கணக்கில் அவர் 'வேலையற்றவர்' ஆகிறார். இதற்கு நேர்மாறாக, முன்பே நன்கு தைக்கத் தெரிந்து கம்பெனியில் இருந்தவரைப் பயிற்சியில் சேர்த்துக் கணக்குக் காட்டினால், தாள்கள் யாவும் ஒழுங்காக இருக்கும். பயன் ஒன்றும் இராது.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்து உழைப்பவர் விழாக்காலத்தில் ஊர் செல்வர். திரும்பி வந்து வேறு கம்பெனியில் சேர்வர். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே இடத்தில் பணியாற்றுதல் என்னும் விதி அவர்க்கு எளிதில் பொருந்துவதில்லை. இதனை அஞ்சி அவரைச் சேர்க்காதிருத்தலே எளிய வழியாகப் படும். செக்கிங் மேசையில் குறையுள்ள பீஸை ஒதுக்கிவைப்பது தொழிலுக்குப் பொருந்தும். மனிதரை அவ்வாறு ஒதுக்கிவைத்து எட்டும் விழுக்காடு தொண்டாகாது.

6. விண்ணப்ப நெறி

(அ) தகுதி ஆவணங்கள்: அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்று, துணைவிதிகள், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், வருவாய் மூலங்கள், இதே பணிக்கு வேறு துறையிடம் மானியம் பெறவில்லை என்னும் உறுதி ஆகியன நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் கேட்பவை. தொண்டு நிறுவனங்கட்குரிய 'தர்பண்' பதிவெண்ணும் வேண்டப்படும். இவற்றை அறிவிப்பு வந்தபின் தேடுவது அறிவுடைமையன்று. ஆண்டுதோறும் புதுப்பித்து ஒரே கோப்பில் வைத்தல் வேண்டும்.

(ஆ) தொடக்கநிலைக் கணக்கெடுப்பு: பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரின் கல்வி, தொழில், வாரவருவாய், வீட்டுப் பொறுப்பு ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். தொடக்கம் தெரியாமல் முன்னேற்றத்தைக் காட்ட இயலாது. பெரும்பாலான விண்ணப்பங்களில் விடுபடுவது இதுவே. பிற்காலத்தில் எவ்வளவு முயன்றும் திரும்பப் பெற இயலாததும் இதுவே.

(இ) பயனின் வரையறை: யார், எத்தனை பேர், எதை அடைவர், எந்நாளுக்குள், எச்சான்றால் அறிவோம் என்னும் ஐந்து வினாக்களுக்கும் ஒரே தொடரில் விடை அமைதல் வேண்டும். எந்த எண்ணைக் கொண்டு வகுக்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். அரசின் விதி சான்றிதழ் பெற்றோரை மட்டும் எண்ணச் சொல்லினும், நம் சொந்தப் பதிவேட்டில் சேர்ந்தோர் அனைவரையும் எண்ணுதல் நன்று. விலகியவர் ஏன் விலகினார் என்பதை எழுதிவைக்கும் நிறுவனமே அடுத்த ஆண்டில் அவரைத் தக்கவைக்கும்.

(ஈ) அரியவர்க்கு இடம்: கைக்குழந்தையுடையோர், மாற்றுத்திறனாளிகள், எட்டாம் வகுப்பை எட்டாதோர் ஆகியோர்க்கு இத்தனை இடம் என்று விண்ணப்பத்திலேயே உறுதிகூறுதல் வேண்டும். அவர்க்கெனக் குழந்தை காப்பிடம், மாலை நேர வகுப்பு, பயணச் செலவு ஆகியவற்றைச் செலவுத் திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். இவற்றால் ஒருவர்க்கு ஆகும் செலவு கூடும். ஏன் கூடுகிறது என்பதைக் காரணத்தோடு எழுதினால் அது விண்ணப்பத்தின் வலிமையாகும்.

(உ) சான்று: வேலை பெற்றோரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு, இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றுள் எது ஏற்கப்படும் என்பதை முன்னரே துறையிடம் எழுத்து வழியாகக் கேட்டறிதல் வேண்டும். பீஸ் ரேட் தொழிலாளர்க்கு வங்கி வழியாகக் கூலி வழங்கும் நிறுவனங்களோடு முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொள்ளலாம். இது மானியத்திற்குச் சான்றாவதோடு, தொழிலாளர்க்கும் நிலையான நன்மையாகும்.

(ஊ) பண ஓட்டம்: மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒருவர்க்கு 12,000 ரூபாய் எனக் கொண்டால் 60 பேருக்கு 7,20,000 ரூபாய். 25, 50, 15, 10 என்னும் தவணை முறைப்படி 1,80,000, 3,60,000, 1,08,000, 72,000 எனப் பணம் வரும். கடைசி இரு தவணைகள் வேலைவாய்ப்பைப் பொறுத்தவை எனின், 1,80,000 ரூபாய் பயிற்சி முடிந்து பல மாதம் கழித்தே வரும், வராமலும் போகலாம். பயிற்றுநரின் ஊதியமும் வாடகையும் அதுவரை காத்திரா. ஆகவே, மானியத் தொகையில் நான்கில் ஒரு பங்கையேனும் தாங்கும் சொந்த நிதி இல்லாத நிறுவனம் இவ்வகை மானியத்தைத் தனித்து ஏற்றல் தகாது. சிறு நிறுவனங்கள் பெரிய கல்வி நிறுவனத்தோடோ தொழிலமைப்போடோ இணைந்து விண்ணப்பித்தல் பொருந்தும்.

(எ) கணக்கு: மானியம் வழங்கப்பட்ட நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு திங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தல் வேண்டும் என்பது பொது நிதி விதி. மானியத்தால் வாங்கிய பொருளை ஒப்புதலின்றி விற்றலும் ஆகாது. பொதுப்பணம் நம்மிடம் இருக்கும் அமானிதம். கேட்கும்போது குறைவின்றிக் காட்டப்பட வேண்டியது.

7. விண்ணப்பத்தின் மொழி

தமிழ் பயில்வோர்க்கு இத்துறையில் தனிப்பணி உண்டு. அரசு அலுவலகங்களுக்குச் செல்லும் விண்ணப்பங்கள் பலவற்றில் மொழி தெளிவற்றிருப்பதை நாம் காண்கிறோம். 'பகுதிவாழ் மகளிரிடையே பெருமளவில் விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டு அவர்தம் வாழ்வாதாரம் மேம்பட வழிவகை செய்யப்படும்' என்னும் தொடரை நோக்குக. இதில் வினைமுதல் இல்லை. ஏற்படுத்துபவர் யார் என்பது மறைந்துள்ளது. 'பெருமளவில்' என்பதற்கு எண் இல்லை. 'வழிவகை' என்பது எதுவும் ஆகலாம்; எதுவும் ஆகாமலும் போகலாம். செயப்பாட்டு வினை, பொறுப்பை ஏற்க அஞ்சுவோர்க்கு ஏற்ற புகலிடம்.

இதனையே, 'எம் அறக்கட்டளை, நெருப்பெரிச்சலில் தையல் அறியாத 60 மகளிரை மூன்று மாதம் பயிற்றும். அவருள் 42 பேர், பயிற்சி முடிந்த ஆறு மாதத்திற்குள் வேலையில் அமர்ந்து, மூன்று மாதம் தொடர்ந்து வங்கி வழியாக ஊதியம் பெறுவர்' என எழுதலாம். எழுவாய், எண், காலம், சான்று ஆகிய நான்கும் அமைந்துள்ளன. இத்தகைய தொடரை எழுதியபின் நிறைவேற்றாமல் இருத்தல் அரிது. ஆதலாற்றான் பலர் இதனை எழுதத் தயங்குகின்றனர்.

'ஏழை எளிய, ஆதரவற்ற, அறியாமையில் மூழ்கிய' என அடைமொழிகளை அடுக்குதலும் தவிர்க்கத்தக்கது. எட்டு மணி நேரம் எந்திரத்தின்முன் அமர்ந்து குடும்பத்தைக் காக்கும் பெண் அறியாமையில் மூழ்கியவர் அல்லர். அவரிடம் இல்லாதது ஒரு குறிப்பிட்ட திறனும் அதற்குரிய சான்றிதழுமே. அதனை மட்டும் எழுதுதல் போதும். மேலும், விண்ணப்பத்தின் தமிழ்ப்படியை அம்மகளிர்க்குப் படித்துக்காட்டி, 'எங்களைப் பற்றி எழுதியது சரியே' என்று அவர் கூறக் கேட்டபின் அனுப்புதல் சிறப்பு.

8. விண்ணப்பிக்கத் தகாத இடங்கள்

எல்லாப் பணிக்கும் இம்மானியம் பொருந்தாது. முதியோர்க்குத் துணையிருத்தல், துயருற்ற குடும்பத்திற்கு ஆறுதலளித்தல், குடும்ப வன்முறையால் வந்தோர்க்கு அடைக்கலம் தருதல் ஆகியவற்றில் பயன் மெய்யானது. ஆனால் மூன்று மாதத்தில் எண்ணிக் காட்டத்தக்கதன்று. இவற்றை எண்ணுக்குள் அடைக்க முயன்றால் பணியின் இயல்பே திரியும். இத்தகைய பணிகளை வக்ஃப் வருவாய், ஊரார் நன்கொடை, செலவுவழி மானியம் ஆகியவற்றால் நடத்துதலே தக்கது. எண்ணத்தக்க பயனுடைய பணிக்குப் பயன்வழி மானியத்தை நாடி, அதனால் மிஞ்சும் சொந்த நிதியை எண்ணவியலாத பணிக்குத் திருப்புதல் நல்ல நிருவாகம் ஆகும்.

முடிவுரை

பயன்வழி மானியம் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. சென்னை மாகாணத்தில் அது திண்ணைப் பள்ளிக்கு வாயில் திறந்தது. பின்தங்கிய பிள்ளையைப் புறந்தள்ளவும் செய்தது. பில்வாராவில் தொடக்கநிலையை அளந்து, பின்தங்கியோரையும் கணக்கில் சேர்த்ததால் பயன் தந்தது. யாரை எண்ணுகிறோம், எதிலிருந்து எண்ணுகிறோம், பணம் வரும்வரை யார் தாங்குகிறார் என்னும் மூன்று வினாக்களுக்கு நேர்மையான விடை இருப்பின் இம்முறையை அஞ்ச வேண்டுவதில்லை.

சமுதாயப் பெரியோர்க்கு நாம் கூற விழைவது ஒன்று. அறிவிப்பு வெளியான நாளில் ஓடி, பத்து நாளில் விண்ணப்பம் எழுதும் வழக்கத்தை விடுத்து, ஆண்டு முழுவதும் ஆவணத்தையும் கணக்கெடுப்பையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். திட்டங்களின் பெயரும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டு விதிகளைப் படித்தபின்னரே எழுதத் தொடங்க வேண்டும். நம் பகுதி மக்களைப் பற்றிய கணக்கோ எத்திட்டத்திற்கும் உதவும்.

மாணவர்க்கும் ஒன்று. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடைபெறும் ஆண்டில் ஒரு தெருவைத் தேர்ந்துகொள்க. வீடுவீடாகச் சென்று, யார் எவ்வேலை செய்கிறார், யார் பள்ளியை விட்டு நின்றார், யார் எப்பயிற்சியை விரும்புகிறார், எந்நேரத்தில் வர இயலும் என்பவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அவர் இசைவோடு துறையில் வைத்திடுக. நாளை ஒரு நல்ல விண்ணப்பத்திற்கு அதுவே அடிப்படையாகும். எண்ணிக்கையில் விடுபடவிருந்த பெண் ஒருத்தியின் பெயரும் அதில் முதலிலேயே இடம்பெற்றிருக்கும்.